இடமுறுக்கு நூல்

விசாரணைக்கு வந்திருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மேலாளர் உட்கார்ந்திருந்தார். தன் முகம் நிழலிலும் எதிராளியின் முகம் வெளிச்சத்திலும் இருக்கும்படி அந்த நாற்காலியை அவர் என்றைக்கோ போட்டு வைத்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் தறிக்கூடத்து மேற்பார்வையாளர், திரும்பி வந்த துணியின் ஒரு சுருளைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு. இடப்பக்கம் முறுக்குப் பிரிவு மேஸ்திரி, மொடமொடவென்று தேய்த்த சட்டையில். மேசையின் இந்தக் கோடியில், மேலாளருக்கு நேர் எதிரே, நூல் பரிசோதனை அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண். கழுத்தில் எந்நேரமும் கறுப்புக் கயிற்றில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கும் என்பதால் மில்லில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் 'லென்ஸக்கா'. ஐந்தாவது ஆள் சாயக்காரர். அவருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் உறையில் கறை படியும் என்று அவரே அதை ஓரமாக நகர்த்திவிட்டு, கதவுப் பக்கம் கிடந்த மர ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். மணிக்கட்டு வரைக்கும் இரண்டு கையும் நீலம். இருபத்தாறு வருஷத்து நீலம்.

இந்த ஐந்து பேரில் மேஸ்திரி, லென்ஸக்காவின் கூடப்பிறந்த அக்காவின் புருஷன். இது மில்லில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் என்றாலும் அன்றைக்கு அந்த அறையில் யாரும் அதை நினைவில் வைத்திருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மேற்பார்வையாளர் துணியை மேசைமேல் உருட்டி விரித்தார். கோட்டு தைக்கிற மெல்லிய கம்பளித் துணி, நல்ல கருநீலம். நேராகப் பார்த்தால் ஒரு குற்றமும் இல்லை. சாய்த்துப் பிடித்தால் நீளவாக்கில் கோடு கோடாக, ஈரச் சுவரில் தெரிகிற தடங்களைப் போல, வெளிறியும் இருண்டும் பட்டைகள்.

"இருபத்திரண்டு சுருளும் இப்படித்தான்" என்றார் மேலாளர். "என்ன காரணம்னு வாங்கின கம்பெனியில எழுத்துல கேக்கறாங்க. வெள்ளிக்கிழமைத் தபாலுக்குள்ள போயாகணும். கோடுன்னா சாயம் சரியா ஏறலைன்னுதானே அர்த்தம்?"

"என் கை நீலம், அதனால குத்தமும் நீலம்னு முடிவு பண்ணிட்டீங்களா சார்?" என்றார் சாயக்காரர்.

மேற்பார்வையாளர் சிரிக்கப் பார்த்துவிட்டு மேலாளரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"வேடிக்கை வேண்டாம். உங்க தொட்டியில தப்பு இல்லைன்னா வேற எங்க இருக்கு?"

"எங்கேன்னு எனக்கு இன்னும் தெரியலை. என் தொட்டியில இல்லைன்னு தெரியும். ஒரே தொட்டி, ஒரே சூடு, ஒரே தண்ணி. பட்டை பட்டையா ஏறு, இறங்குன்னு சாயத்துக்கு நான் சொல்லிக்கொடுக்கல."

மேலாளர் மேசையின் இந்தக் கோடிக்குப் பார்வையைத் திருப்பினார். "பரிசோதனை என்ன சொல்லுது?"

மேஸ்திரி தன் சட்டைப் பொத்தானையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கோப்பைத் திறந்தாள். விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே, "பரிசோதனைச் சீட்டுல எல்லா நூல் கோனும் வலமுறுக்குன்னுதான் இருக்கு சார்" என்றாள்.

"சீட்டு சொல்றது இருக்கட்டும்" என்றார் சாயக்காரர் அவளைப் பார்த்து. "நூல் என்ன சொல்லுது?"

அவள் கோப்பை மூடினாள். மேலாளர் எழுந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பரிசோதனை அறைக் கடிதம் நிர்வாகத்தின் கைபடாமல், தனி உறையில், அரக்கு முத்திரையோடு வர வேண்டும் என்பது வாங்குகிற கம்பெனியின் பழைய நிபந்தனை. "நீங்களே எழுதி அனுப்பிடுங்கம்மா. என்ன எழுதணும்னு உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்குத் தெரியும். அந்த அறையில் அவளைவிட நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் அத்தான்தான்.

கம்பளி மூட்டை பிரிந்து மில்லுக்குள் வந்ததும் முதல் வேலை தரம் பிரிப்பது. நீள மயிர் ஒரு பக்கம், குட்டை மயிர் ஒரு பக்கம். குட்டையெல்லாம் முள்ளுருளையில் சிக்கி, நாலாபக்கமும் தலை வைத்து, பொசுபொசுவென்று பஞ்சாகித் தளர்ந்த நூலாகும். அதில் போர்வை நெய்யலாம், குளிருக்குத் தடிச் சட்டை பின்னலாம். நீளமானது சீப்பு இயந்திரத்துக்குப் போகும். வாரி, வாரி, சிக்கையும் குட்டையையும் உதிர்த்து, மயிரெல்லாம் ஒரே திசை பார்த்துப் படுத்த பிறகு இழுத்து முறுக்கினால் மெல்லிசாக, வழவழவென்று, இறுக்கமாக ஒரு நூல் வரும். வொர்ஸ்டட் என்பது அதுதான். மில் குடியிருப்பில் மனிதர்களையும் இப்படித்தான் பிரித்துப் பேசுவார்கள். பதவி உயர்வு வாங்கினவன் சீப்பில் நின்றவன். வாங்காதவன் போர்வைக்குப் போனவன்.

முறுக்கில் இரண்டு வகை உண்டு. கோட்டுத் துணிக்கு வலமுறுக்கு. மேற்பரப்பு லேசாகச் சுருங்கின மாதிரி இருக்கிற சால்வைத் துணிக்கு இடமுறுக்கு. இரண்டும் ஒரே கனம், ஒரே வெள்ளை. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத இரட்டைப் பிள்ளைகள். அதனால் இடமுறுக்கு நூலுக்கு மட்டும் ரோஜா நிறத்தில், தண்ணீர் பட்டால் போய்விடுகிற ஒரு மை தெளித்து வைப்பார்கள். தெரியாமல் ஒரு இடமுறுக்கு வலமுறுக்கோடு தறி ஏறிவிட்டால், நெய்யும்போது யாருக்கும் தெரியாது. சாயம் ஏறிய பிறகு வெளிச்சம் அதன்மேல் வேறு பக்கமாக விழுந்து துணியில் கோடு எழும்பும்.

முறுக்கேறின நூலைச் சும்மா விட்டால் தானாகச் சுருண்டு பின்னிக்கொள்ளும். நூல் சுற்றிய கோன்களை ட்ராலியில் அடுக்கி நீராவிப் பெட்டிக்குள் தள்ளி அதை அடங்க வைப்பது மேஸ்திரியின் பொறுப்பு. நல்ல ஆவி நூலை நனைக்காது. பெட்டியின் வால்வு கெட்டு, ஆவிக்குப் பதில் வெந்நீர் கொட்டினால்தான் ரோஜா நிறம் கரையும்; எது இடம், எது வலம் என்று தெரியாமல் போகும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பிற்பகல் அத்தான் பரிசோதனை அறைக்கு வந்தார். அவர் செருப்பு பதிந்த இடமெல்லாம் தரையில் ரோஜா நிறம். நீராவி அறையிலிருந்து அவள் மேசை வரைக்கும் வரிசையாக, யாரோ கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டு வந்த மாதிரி.

"தறி காலியா நிக்குது. நாப்பது கோன்தான். கையெழுத்தப் போடு."

ஒரு ட்ராலிக்குப் பத்து கோன் எடுத்து, நூலை அளவுக் கருவியில் மாட்டி, எந்தப் பக்கம் சுற்றினால் பிரிகிறது என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து. அதுதான் விதி.

"இது என்ன தண்ணி அத்தான்?"

"வால்வு கசியுது. நாளைக்கு மாத்திடுவேன். எல்லாம் வலதுதான், நான் சொல்றேன்ல. வெளியாள் மாதிரி என்னையே நோண்டிக்கிட்டு இருக்காத."

வால்வை மாற்றச் சொல்லி அவருக்கு முந்தின மாதமே எழுத்து மூலம் எச்சரிக்கை வந்திருந்தது. இன்னொன்று வந்தால் வேலை இல்லை. அவள் கழுத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள், அது ஏதோ பார்த்துவிடும் போல. கையெழுத்தைப் போட்டாள். அவர் போன பிறகு ஈரத் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தவளும் அவள்தான்.

விசாரணை நடந்த அன்றைக்கே மதியம் சாயக்காரர் கையில் ஒரு சாண் துணியோடு பரிசோதனை அறைக்கு வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

"உள்ள வரலாமாம்மா? எதையும் தொட மாட்டேன்."

"வாங்க."

அவர் துணியை மேசைமேல் விரித்து, மேசை விளக்கை இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தார். "இந்தப் பட்டை இருட்டு. பக்கத்துப் பட்டை வெளிச்சம். சரியா?" விளக்கை அப்படியே தூக்கி வலப்பக்கம் கொண்டுவந்தார். "இப்ப பாரு."

இருண்ட பட்டை வெளிறியிருந்தது. வெளிறியது இருண்டிருந்தது.

"இருபத்தாறு வருஷத்துல என் சாயம் விளக்கு போன பக்கமெல்லாம் பின்னாடியே ஓடினதில்ல" என்றார் அவர். "சாப்பிட்டுக்கிட்டே இருந்தேன், திடீர்னு தோணிச்சு. பாதியில எழுந்து வந்துட்டேன். மிச்சம் உன் கண்ணாடிதான் சொல்லணும்."

அவள் ஊசியால் இரண்டு பட்டைகளிலிருந்தும் ஒவ்வொரு இழை உருவினாள். கண்ணாடியைக் கண்ணில் வைத்தாள். வைக்காமலே தெரியும் என்றாலும் வைத்தாள். ஒன்று வலம். ஒன்று இடம்.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"சரி. அப்ப நான் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்." அவர் நீலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மேஸ்திரி உனக்கு என்ன முறைன்னு எனக்குத் தெரியும். உன் அக்கா வீட்டுச் சோத்துல மண்ணு போட நான் வரல. இந்த மில்லுல வேலை போச்சுன்னா போகட்டும். ஆனா காரணம் சாயம்னு உன் கையெழுத்துல ஒரு கடிதாசி போச்சுன்னு வை, அந்தக் கம்பெனிக்குத் துணி குடுக்கிற பட்டறையெல்லாம் அதைப் படிக்கும். ஒருத்தனும் என்னை வாசல்ல நிக்க விடமாட்டான். எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு தொழில். இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் வேற எந்த வேலைக்குப் போய் நிப்பேன், சொல்லு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"இப்ப சொல்லாத" என்றார். "காலைல சொல்ல வேண்டியது. இப்ப எழுது, போதும்."

அன்று சாயங்காலம் மணி அடிப்பதற்குள் அவள் கடிதத்தின் வரைவு ஒன்றை எழுதி முடித்துவிட்டாள். மூன்றே வாக்கியம். கோடு விழுந்ததற்குக் காரணம் இடமுறுக்கு நூல் கலந்தது. மேற்படி நாற்பது கோன்களுக்கும், முறுக்குப் பிரிவு மேஸ்திரி கேட்டுக்கொண்டதன் பேரில், பரிசோதனை செய்யாமலே நான் கையெழுத்திட்டேன். சாயத்தில் எந்தக் குறையும் இல்லை.

அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தபோது வழி நெடுக அவள் மனசுக்குள் ஒரே காட்சிதான் ஓடியது. அத்தான் படிப்பார். முகம் சுண்டிப் போகும். 'உன் பேரை எதுக்கு இதுல இழுக்கிற, நான் போய் மேலாளர்கிட்ட சொல்லிக்கிறேன்' என்பார். உடனே அவள் வேண்டாம் என்பாள். அவர் பிடிவாதம் பிடிப்பார். எப்படியும் ஒரு வழி பிறக்கும். இருபத்திரண்டு வயதில் அவளை இந்த மில்லில் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். மில் கொடுத்த அந்த வீட்டின் மூன்று அறைகளில் கடைசி அறையைப் பதினெட்டு வருஷமாக அவளுக்கென்று விட்டு வைத்திருப்பவரும் அவர்தான்.

அக்கா தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் கை கழுவிவிட்டு வந்து, தாளை வாங்கி, விளக்குக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். இரண்டு தரம் படித்தார். பிறகு அலமாரி மேலிருந்து பென்சிலை எடுத்தார். முனை மழுங்கியிருந்தது. பொறுமையாகச் சீவினார். 'முறுக்குப் பிரிவு மேஸ்திரி கேட்டுக்கொண்டதன் பேரில்' என்பதன் மேல் அளவுகோல் வைத்த மாதிரி நேராக ஒரு கோடு இழுத்தார்.

"இது எதுக்கு?" என்றார். "இது இல்லாமலே வாக்கியம் நிக்குது."

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்ததெல்லாம் இருக்கட்டும். அந்த ஆளு பாவம், அவரைச் சொல்ல வேண்டாம், சரிதான். நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நீ பரிசோதிக்கலை, கையெழுத்துப் போட்டே. அது உண்மை. அதை எழுதறே. யாரும் உன்னைக் குத்தம் சொல்ல முடியாது."

"என்னை வேலையை விட்டு எடுத்துருவாங்க அத்தான்."

"எடுக்கட்டுமே. உனக்கென்ன, ஒத்த ஆளு. எங்க போனாலும் பிழைச்சுக்குவ. என் கதை அப்படியா? வீடு என் பேர்ல இருக்கு. நான் வெளிய போனா வீடும் போச்சு. அப்புறம் நீயும்தானே தெருவுல நிப்ப?"

அக்கா குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அக்கா ஏதாவது சொல்வாள் என்று தங்கை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா சொல்லவும் செய்தாள்.

"அவர் சொல்றது சரிதானேடி. உன்கிட்ட என்ன இருக்கு, போறதுக்கு? புருஷனா, பிள்ளையா? நாங்க உன்னை விட்டுடுவோமா என்ன? வீட்டோட இரு. எனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

"பதினெட்டு வருஷமா ஒத்தாசையாத்தானே இருக்கேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அக்கா. கேட்காமலே தங்கையின் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அத்தான் தேதி எழுதியிருந்த இடத்தையும் பார்த்தார். கிழமை விட்டுப் போயிருக்கிறது என்று ஓரத்தில் குறித்தார். வேலையில் அவர் எப்போதும் சுத்தம். தாளை மடித்து அவளிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நன்றாகச் சாப்பிட்டார். அவள் தட்டைக் கழுவும்போது பின்னாலிருந்து அக்காவின் குரல், இரண்டு நாளாக அவர் சாப்பிடவே இல்லை, இன்றைக்குத்தான் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டார் என்று திருப்தியோடு சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவள் நேராகச் சாயக்கூடத்துக்குப் போனாள். தொட்டிகள் காலியாக இருந்தன. சாயக்காரர் துழாவுகிற நீளக் கோலைத் தண்ணீர்க் குழாயடியில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தொட்டி ஏன் காலியா இருக்கு?"

"புதுசா ஒருத்தன் வரானாம். என் தண்ணியில அவன் எப்படி வேலை பார்ப்பான்? அதான் திறந்து விட்டுட்டேன்." கோலைச் சுவரில் சாத்தினார். "நேத்து சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டாரு. தானா விலகிக்கிறேன்னு எழுதிக்கொடுத்தா நன்னடத்தைச் சான்று தரேன்னாரு. இல்லைன்னா அதுவும் இல்லைன்னாரு. கொடுத்துட்டேன்."

"நான் உள்ளது உள்ளபடி எழுதப் போறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

"உன்னை நம்பியா?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்ட மாதிரி இருந்தது.

"எழுது" என்றார் அவரே. "எழுதினா எனக்கு உபயோகம்தான். நாளைக்கு எந்தப் பட்டறையிலயாவது போய் நின்னா, சாயம் இல்லைன்னு ஒரு காகிதம் இருக்கும். ஆனா எனக்காக எழுதறேன்னு நினைச்சுக்காத. எனக்காகன்னா நேத்துக் காலைல அந்த மேசையில வாயைத் திறந்திருப்ப. கொஞ்சம் தள்ளிக்கம்மா, தரையைக் கழுவணும்."

அவள் தள்ளிக்கொண்டாள்.

பரிசோதனை அறைக்கு வந்து கதவைச் சாத்தி, நல்ல தாளாக ஒன்று எடுத்தாள். கம்பெனியின் முகவரியை எழுதினாள். தேதி. பக்கத்தில் கிழமை. முதல் வாக்கியத்தை எழுதி முடிக்கும்போது கதவு திறந்தது. அத்தான் உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எழுதியாச்சா?"

"எழுதிக்கிட்டிருக்கேன்."

"நேத்துப் பேசினபடிதானே?"

"நேத்து நீங்க பேசினீங்க."

அவர் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. கூடத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "மதியம் வெயில்ல நடக்காத, அக்கா சாப்பாடு கொடுத்தனுப்பறேன்னு சொன்னா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் காகிதத்தை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டாவது வாக்கியத்தை எழுதினாள். பென்சில் கோடு விழுந்த சொற்களை ஒன்றுகூட விடாமல் எழுதினாள். அதோடு நிற்கவில்லை. நீராவிப் பெட்டியின் வால்வு பழுதாகி ரோஜா மை கரைந்ததையும், கரைந்த தண்ணீரைத் தன் கண்ணால் பார்த்ததையும், பார்த்தும் கேள்வி கேட்டதோடு நிறுத்திக்கொண்டதையும், பிறகு தானே தரையைத் துடைத்ததையும் எழுதினாள். துடைத்ததை எந்தக் கம்பெனியும் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதினாள். சாயத்தில் எந்தக் குறையும் இல்லை என்பதைத் தனிப் பத்தியாக, கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டாள்.

கடிதம் போய்ச் சேர நான்கு நாள். அவர்கள் மேலாளருக்கு எழுத ஒரு வாரம். அதுவரைக்கும் அவள் அந்தக் கடைசி அறையில் படுத்து எழுந்து, அக்கா ஊற்றுவதைச் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு இருந்தாக வேண்டும். இன்றைக்கே சொல்லிவிடலாம். சொன்னால் அத்தான் மேலாளரிடம் ஓடுவார், கடிதம் தபால் நிலையத்தைத் தாண்டாது. சொல்லாமல் இருந்தால் பதினோரு நாள் அவர்கள் வீட்டில் திருடியைப் போல வளையவர வேண்டும். அவளுக்குத் தன் துணிமணியெல்லாம் எத்தனை பையில் அடங்கும் என்று ஒரு கணக்கு ஓடியது. இரண்டு பை. மூன்றாவது தேவைப்படாது.

தாளை மூன்றாக மடித்து உறைக்குள் போட்டாள். மெழுகுவத்தியை ஏற்றி அரக்குக் குச்சியைக் காட்டினாள். சிவப்பாக இரண்டு சொட்டு உறையின் வாயில் விழுந்தது. ஆறுவதற்குள் அறையின் முத்திரையை வைத்து அழுத்தினாள். ஒரு சொட்டு விரலில் பட்டுச் சுட்டது. அதை உரித்துப் போட்டுவிட்டு உறையை எடுத்துக்கொண்டு தபால் பிரிவுக்கு நடந்தாள்.

தபால் எழுத்தர், எந்நேரமும் இருமிக்கொண்டிருக்கிற மனிதர், உறையைத் திருப்பிப் பார்த்தார். "பதிவுத் தபாலா லென்ஸக்கா? நாளைக்குத்தானே கடைசி நாள்? நாளைக் கட்டோட சேர்த்து அனுப்பிடறேனே."

"இன்னிக்கே போகட்டும்."

"மேலாளர் பார்த்தாச்சா?"

"அவர் பார்க்கக் கூடாத தபால் இது."

அவர் இருமிக்கொண்டே பதிவேட்டில் எண் போட்டார். அவள் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மூன்று மணிக்குத் தபால் வண்டி வந்தது. சாக்குப் பையின் வாயைக் கட்டி ஏற்றினார்கள். வண்டி மில் வாசலைத் தாண்டி வலப்பக்கம் திரும்பும் வரைக்கும் இருந்துவிட்டு, அவள் எழுந்து வேலைக்குப் போனாள்.